தாடியில் தொடங்கும் சறுக்கல்

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த எச்சரிக்கை. மூக்கை மட்டும் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ள இடம் கேட்டு, விடிவதற்குள் உரிமையாளனையே வெளியே தள்ளிய ஒட்டகத்தின் கதையைப் பள்ளிப் பருவத்தில் கேளாதவர் நம்மில் குறைவு. சிறியதை விட்டுக்கொடுத்தால் பெரியது தானே போய்விடும் என்னும் இவ்வச்சம் எல்லாச் சமயங்களின் வேலியிலும் ஒரு முள்ளாக இருக்கிறது. அதை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. முதற் கிண்ணத்தில் தொடங்காத குடிகாரன் இல்லை. முதற் பொய்யில் தொடங்காத புரட்டும் இல்லை. ஆயினும் எந்தச் சிறியது எந்தப் பெரியதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று ஆராயாமல், எல்லாச் சிறியவற்றையும் ஒரே சரிவின் விளிம்பில் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் ஒரு சமூகத்தைப் பிடித்துக்கொண்டால் என்ன நேரும்? இதை எண்ணிப் பார்க்க அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வரலாறு ஒன்று நமக்கு உதவுகிறது. அது தாடியின் வரலாறு.

தாடிக்கும் ஒரு வரலாறா என்று வாசகர் முறுவலிக்கலாம். தலையை மழிப்பதையும் சடை வளர்ப்பதையும் பற்றி வள்ளுவர் 'கூடாவொழுக்கம்' அதிகாரத்தில் சொன்னதை அறிந்த நமக்கு இவ்வழக்கு முற்றிலும் புதிதன்று.

மார்மன் சபையார் என்று உலகம் அழைக்கும் மக்களின் முழுப் பெயர் 'பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை' என்பதாகும். 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்னும் இளைஞர் இதனை நிறுவினார். அதே ஆண்டில் அவர் வெளியிட்ட 'மார்மன் நூல்' இவர்களுக்கு விவிலியத்தோடு வைத்து எண்ணப்படும் மறைநூல். 'மார்மன்' என்னும் பெயரைத் தவிர்த்து முழுப் பெயராலேயே தங்களை அழைக்க வேண்டும் என அவர்களுடைய தலைவர் ரசல் நெல்சன் 2018-இல் கேட்டுக்கொண்டார். வாசகர்க்குப் பழகிய சொல் என்பதற்காக மட்டுமே நாம் பழைய பெயரை இங்குக் கையாளுகிறோம். அவர்களுடைய கோட்பாட்டுக்கும் நம்முடைய விசுவாசத்துக்கும் உள்ள வேறுபாடுகள் பெரியவை. அவை இக்கட்டுரையின் பொருளல்ல.

ஜோசப் ஸ்மித் முகம் மழித்தவர். 1844 ஜூன் 27 அன்று இல்லினாய் மாநிலத்துக் கார்த்தேஜ் சிறையில் வெறிகொண்ட கும்பல் ஒன்று அவரைச் சுட்டுக் கொன்றது. அவருக்குப் பின் மக்களைத் திரட்டிக்கொண்டு மேற்கே நடந்த பிரிகாம் யங், 1847 ஜூலையில் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தார். இளமையில் மழித்த முகத்தினராயிருந்த யங், முதுமைக்கால நிழற்படங்களில் அடர்ந்த தாடியுடன் காட்சி தருகிறார். அவருக்குப் பின் வந்த ஜான் டெய்லர், வில்ஃபர்டு உட்ரஃப், லொரென்சோ ஸ்னோ, ஜோசப் எஃப். ஸ்மித், ஹீபர் கிராண்ட், ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் ஆகிய தலைவர்கள் அனைவரும் தாடி வைத்தவர்களே. இரண்டாம் தலைவர் தொடங்கி எட்டாம் தலைவர் 1951-இல் இறக்கும் வரை, நூறாண்டுக்கும் மேலாக அச்சபையின் தலைமைப் பீடத்தில் தாடியே வீற்றிருந்தது. யங்கின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்தில், அவரே வந்து சேர விரும்பினாலும் முதலில் நாவிதரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுவார்கள் என்னும் கேலி அவ்வூரில் நெடுநாளாக வழங்குகிறது.

தோற்றத்தைப் பற்றிய கட்டுப்பாடு அவர்களிடம் தாடியோடு பிறந்ததன்று. 1869 மே மாதம் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இருப்புப்பாதை யூட்டாவில் வந்து முட்டியது. அதுவரை மலைகளும் பாலையும் காத்துவந்த மக்களிடம் கீழ்த்திசை நகரங்களின் பட்டும் சரிகையும் பெட்டி பெட்டியாக வந்திறங்கின. அதே ஆண்டு இறுதியில் பிரிகாம் யங் தம் புதல்வியரைத் தம் இல்லத்தில் கூட்டி, உடையிலும் உணவிலும் ஆடம்பரத்தைக் குறைத்துக்கொள்ளும் சங்கம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். அந்தக் கட்டளைக்கு ஒரு காரணம் இருந்தது. அதை யாரும் கண்ணால் பார்க்க முடிந்தது. ஏழைக் குடியேற்ற மக்களின் பணம் வெளியூர் வணிகரிடம் போய்விடக் கூடாது. பெண்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டுக் குடும்பத்தைக் கடனாளியாக்கக் கூடாது. விதியோடு அதன் காரணமும் சேர்ந்தே நடமாடிய காலம் அது.

தாடி எப்படிப் போயிற்று? யாரும் சட்டம் போட்டு அதை நீக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கேலிச்சித்திரங்களில் மார்மன் என்றால் பல மனைவியர் புடைசூழ நிற்கும் தாடிக்காரன். 1890-இல் பலதார மணத்தைக் கைவிடுவதாகத் தலைவர் உட்ரஃப் அறிவித்தபின், அம்மக்கள் மற்ற அமெரிக்கரைப் போலத் தோன்ற விரும்பியதில் வியப்பில்லை. மற்ற அமெரிக்கரோ அப்போது தாடியை விட்டு விலகிக்கொண்டிருந்தார்கள். ஜில்லெட் என்பவர் வீட்டிலேயே சவரம் செய்துகொள்ளும் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். முதல் உலகப்போரில் நச்சுவாயு முகமூடி முகத்தோடு ஒட்டிப் பொருந்த வேண்டியிருந்ததால், படைவீரர்களுக்கு அக்கருவிகள் இலட்சக்கணக்கில் வழங்கப்பட்டன. போர் முடிந்து திரும்பிய தலைமுறைக்கு மழித்த முகமே ஆண்மையின் அடையாளமாயிற்று. 1951-இல் தலைமையேற்ற டேவிட் மக்கே, நூறாண்டுக்குப் பின் வந்த முதல் தாடியற்ற தலைவர். அதில் இறையியல் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. நாட்டு நாகரிகம் மாறியது, அவர்களும் மாறினார்கள்.

இனி அப்பல்கலைக்கழகத்துக்கு வருவோம். புரோவோ நகரில் 1875-இல் ஒரு பள்ளியாகத் தொடங்கி 1903-இல் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்ற நிறுவனம் அது. இன்று ஏறத்தாழ 35,000 மாணவர் பயிலும் பெரிய கல்வி நிலையம். 1940-களின் இறுதியில் அங்குள்ள மாணவர்களே முன்வந்து, தேர்வில் ஏமாற்றுவதைத் தடுக்க நன்னெறி விதிகளை வகுத்துக்கொண்டனர். அந்நாளில் 'நன்னெறி' என்பது பிறர் விடைத்தாளைப் பார்த்து எழுதாமையைக் குறித்தது. 1951 முதல் 1971 வரை அங்குத் தலைவராயிருந்த எர்னெஸ்ட் வில்கின்சன் உறுதியான பழமைவாதி. 1964-இல் அமெரிக்க மேலவைக்குப் போட்டியிட்டுத் தோற்றவரும்கூட. அதே 1964-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் மாணவர் கிளர்ச்சி வெடித்தது. வியட்நாம் போர் எதிர்ப்பு, போதைப்பொருள், நீண்ட முடி, தாடி எல்லாம் ஒரே நிழற்படத்தில் நாளிதழ்களில் வந்துகொண்டிருந்தன. அந்தப் பத்தாண்டுகளில் நன்னெறி விதிகளோடு உடையும் முடியும் வந்து சேர்ந்தன, தாடியும் விலக்கப்பட்டது. விடைத்தாளில் தொடங்கிய நன்னெறி மோவாய்க்கு வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

1971-இல் வில்கின்சனுக்குப் பின் பொறுப்பேற்றவர் டாலின் ஓக்ஸ். சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர். அப்போது அவருக்கு வயது 39. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அவர் மாணவர்முன் நிகழ்த்திய உரை, பின்னர் திருச்சபையின் இளைஞர் இதழிலும் வெளிவந்தது. சமய நிறுவனம் ஒன்றின் தலைவர் தம்முடைய விதியைப் பற்றி இத்தனை நேர்மையாகப் பேசிய உரைகள் மிகச் சில என்பது நம் கருத்து. ஆகையால் அதனைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்.

தாடியிலோ நீண்ட முடியிலோ இயல்பாகவே தீமை ஏதும் இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். பின் ஓர் உவமை சொன்னார். வெறும் மதுப்புட்டியை ஒருவன் கையில் வைத்திருப்பதும் இயல்பாகத் தீமையன்று, ஆனால் அதைக் காண்போர் அவனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவர், தாடியும் அத்தகையது. அக்காலத்தில் அது கலகத்தின், போதையின், அதிகாரத்தை மறுப்பதன் அடையாளமாகிவிட்டது. அதை அணிபவன் தான் எண்ணாததையும் சொல்லுபவனாகிறான். முன்னோர் தாடி வைத்திருந்தார்களே என்று இளைஞர் திரும்பத் திரும்பத் தம்மிடம் சொல்வது தமக்குச் சலிப்பூட்டுவதாகவும் அவர் கூறினார். இதற்குமேல் அவர் சொன்னதுதான் முக்கியமானது. நாணமான உடை என்பது திருச்சபையின் நிலையான மதிப்பு. தாடி பற்றிய விதியோ அக்காலத்துக்கானது, நடைமுறை கருதியது. பிற்காலத்தில் இது மாறாமலிருந்தால் தமக்கு வியப்பாயிருக்கும் என்ற கருத்தையும் அவர் வெளியிட்டார்.

இதில் நாம் குறை காண்பதற்கு இல்லை. ஒரு நிறுவனம் தன் மாணவரிடம் குறிப்பிட்ட தோற்றத்தை எதிர்பார்ப்பது அதன் உரிமை. காலத்தைப் பார்த்துச் செய்த விதி, காலத்தைப் பார்த்துப் போகும் என்று சொல்லிவிட்டால் யாருடைய மனச்சான்றுக்கும் இடர் இல்லை. மாணவனும் அதை ஒரு சீருடையைப் போல ஏற்றுக்கொண்டு படித்துவிட்டுப் போகலாம்.

ஆனால் விதிகளுக்கு ஓர் இயல்பு உண்டு. அவற்றைப் பிறப்பித்தவர்கள் சொன்ன காரணம் மறைந்துபோகும். விதி மட்டும் எஞ்சும். பின்பு அதற்குப் புதிய காரணம் தேடப்படும். வியட்நாம் போர் 1975-இல் முடிந்தது. கிளர்ச்சிக்காரர்கள் தலை நரைத்து வங்கி மேலாளர்களானார்கள். தாடி மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் சாதாரணமாயிற்று. விதியோ அசையவில்லை. முகம் மழிக்காமல் வந்த மாணவர் தேர்வு மையத்தின் வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டனர். வேதியியல் கணக்கை மனத்தில் சுமந்து வந்தவன், இரண்டு நாள் மயிர்முனைக்காக விடுதிக்கு ஓடி மழித்துவிட்டு வரவேண்டியிருந்தது. மீசைக்குத் தடையில்லை, சீராகக் கத்தரித்திருந்தால் போதும். மீசையில் இல்லாத கலகம் தாடியில் மட்டும் எப்படி வந்தது என்று கேட்பது இளைஞர் இயல்பல்லவா? வளாகத்துக்கு வெளியேயும், ஊர்ச்சபைகளில் பொறுப்பேற்பவர் மழித்த முகத்தினராயிருப்பதே நலம் என்னும் எழுதாத எதிர்பார்ப்பு பரவிற்று.

விலக்குகளும் இருந்தன. சவரம் செய்தால் தோல் புண்ணாகும் நிலையிலுள்ளவருக்கு மருத்துவச் சான்றின்பேரில் தாடி வைக்க அனுமதி கிடைத்தது. அதைக் காட்டும் அட்டையை 'தாடி அட்டை' என்று மாணவர் வேடிக்கையாக அழைத்தனர். நாடகத்திலும் திரைப்படத்திலும் நடிப்பவருக்கு மற்றொரு விலக்கு. இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். அச்சபையின் ஆலயங்களிலும் இல்லங்களிலும் தொங்கும் ஓவியங்களில் ஆண்டவர் இயேசு தாடியுடனேயே இருக்கிறார். அவராக நடிக்க வேண்டுமானால் மாணவன் தாடி வளர்க்கலாம். அவரைப் பின்பற்றுபவனாக மட்டும் இருந்தால் மழிக்க வேண்டும். 2015-இல் வேறு சமயங்களைச் சேர்ந்த மாணவர்க்கும் சமயக் காரணத்துக்காக விலக்கு உண்டு எனத் தெளிவாக்கப்பட்டது. தாடியைக் கடமையாகக் கொள்ளும் சமயத்தான் அங்கே தாடி வைக்கலாம். மார்மன் மாணவனுக்கோ அவ்வுரிமை இல்லை.

இதனைக் காத்து நின்றவர்களின் சிந்தனையை நாம் நியாயமாக எடுத்துரைக்க வேண்டும். அவர்களுடைய மறைநூலிலேயே சறுக்கலின் சித்திரம் அழுத்தமாக இருக்கிறது. அலகை மனிதனை முதலில் மெல்லிய சணல் நூலால் கழுத்தில் கட்டி நடத்திச் சென்று, பின்பு வலிய கயிற்றால் நிரந்தரமாகக் கட்டிவிடுகிறது என்னும் கருத்து மார்மன் நூலில் நேபியின் பகுதியில் வருகிறது. சிறிய பாவத்தை இறைவன் பொருட்படுத்தார் என்று சொல்லித் தூங்கவைத்து, மெல்ல மெல்லப் பாதாளத்துக்கு இறக்குவதைப் பற்றியும் அங்கே எச்சரிக்கை உண்டு. அவர்களுடைய மறையுரைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு கதை: மலைப்பாதையில் வண்டியோட்ட ஆள் தேடிய ஒருவர், விளிம்புக்கு எவ்வளவு அருகில் ஓட்ட முடியும் என்று மூவரைக் கேட்டார். முதல் இருவரும் தம் திறமையை அடி கணக்கில் சொன்னார்கள். மூன்றாமவர், இயன்றவரை விளிம்பை விட்டு விலகி மலையோரமாக ஓட்டுவேன் என்றார். வேலை அவருக்கே கிடைத்தது. தொழுநோய் நீங்க யோர்தானில் ஏழுமுறை முழுகச் சொன்னபோது சினந்த நாமானின் வரலாற்றையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். சிறிய கட்டளை என்பதற்காகத்தானே அவன் அதைத் தள்ளப் பார்த்தான்?

இவை வலிமையற்ற வாதங்களல்ல. கீழ்ப்படிதலைச் சிறியவற்றில் பழகாதவன் பெரியவற்றில் கீழ்ப்படிவதில்லை என்பதை நம் துறவற சபைகளும் அறியும். ஆனால் நாமானிடம் பேசியவர் இறைவாக்கினர் எலிசா. தாடி விதியைப் பற்றிப் பேசிய ஓக்ஸ், அது நடைமுறை கருதியது என்று தாமே சொல்லிவிட்டார். மலைப்பாதைக் கதையிலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வண்டியோட்டிக்கு உறுதியாகத் தெரியுமா?

நம் வீட்டையும் ஒருகணம் பார்த்துக்கொள்வது நன்று. ஐந்தாம் நூற்றாண்டுக் கால் நாட்டுத் திருச்சபை விதித்தொகுப்பு ஒன்று, திருப்பணியாளர் முடியை வளர்க்கவும் கூடாது, தாடியை மழிக்கவும் கூடாது என்றது. பிற்காலத்தில் அதைப் படியெடுத்தவர்கள் 'மழிக்க' என்னும் ஒரு சொல்லை விட்டுவிட்டார்கள். முடியையும் தாடியையும் வளர்க்கக் கூடாது என்று விதி தலைகீழாக மாறிப்போயிற்று. அதையே தொன்மைச் சட்டமென மேற்கோள் காட்டினர். திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் 1511-இல் தாடி வளர்த்தார். உரோமை நகர் 1527-இல் சூறையாடப்பட்ட துயரத்தில் ஏழாம் கிளமெண்டும் வளர்த்தார். அதன்பின் 1700 வரை வந்த திருத்தந்தையர் தாடியுடனேயே ஆண்டனர். இடையில் 1576-இல் புனித சார்லஸ் பொரோமியோ தம் மிலான் குருக்களை மழித்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தி மடல் எழுதினார். கப்புச்சின் துறவியருக்கோ தாடியே அடையாளமாயிருந்தது. ஆகவே யூட்டாவைப் பார்த்து நகைக்கும் உரிமை நமக்கு அதிகமில்லை.

சறுக்கல் வாதம் பொய்க்கவில்லை, சில இடங்களில் மெய்யாகவே பலித்தது என்பதையும் மறைக்கலாகாது. அப்பல்கலைக்கழகத்தில் பெண்கள் வகுப்புக்குக் கால்சட்டை அணிந்து வர 1971-இல் அனுமதி கிடைத்தது. ஜீன்ஸ் மட்டும் கூடாது. இன்று கால்சட்டை என்றால் நாளை ஜீன்ஸ் வரும் என்று அஞ்சியவர் இருந்திருப்பின், அவர் அஞ்சியதே நடந்தது. பத்தாண்டில், 1981-இல், ஜீன்ஸும் வந்தது. 2018 இறுதியில் மறைப்பணிக்குச் செல்லும் இளம்பெண்களுக்கும் கால்சட்டை அனுமதிக்கப்பட்டது. சரிவு இருந்தது; ஒவ்வொரு படியாக இறங்கியதும் உண்மை. ஆனால் அடியில் இருக்கும் என்று சொல்லப்பட்ட பாதாளம் அங்கே இல்லை. ஜீன்ஸ் அணிந்த பெண்கள் செபித்தார்கள், படித்தார்கள், மணந்தார்கள், பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கு அனுப்பினார்கள்.

அவர்களுக்குப் புனிதமான உடை ஒன்றின் வரலாறும் இதைப் போன்றதே. ஆலயச் சடங்கில் பெற்றுக்கொண்டு வாழ்நாள் முழுதும் உள்ளே அணியும் அவ்வுடையை நாம் மதிப்போடு குறிப்பிடுகிறோம். மணிக்கட்டும் கணுக்காலும் மறையும்படி அமைந்த அதன் வடிவம் இறைவன் தந்தது, காலத்தின் நாகரிகத்துக்காக அதைத் திருத்தலாகாது என்று தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித் 1906-இல் கண்டிப்பாக எழுதினார். அவர் 1918-இல் மறைந்தார். 1923-இலேயே கை முழங்கை வரையும் கால் முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரையும் குறைக்கப்பட்டது. கட்டும் நாடாவுக்குப் பதில் பொத்தான் வந்தது. பின்னும் அது பலமுறை மாறிற்று. 2024-இல் வெப்பம் மிகுந்த நாடுகளுக்கெனத் தோளோடு நிற்கும் வடிவமும் அறிவிக்கப்பட்டது.

சரிவு கீழ்நோக்கி மட்டுமே இருக்கும் என எண்ணுவதும் பிழை. கண்டிப்பும் வழுக்கிச் செல்லும். 1833-இல் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட உணவு நெறி, மதுவையும் புகையிலையையும் 'சூடான பானங்களை'யும் விலக்கச் சொன்னது. அது கட்டளையாகவோ கட்டாயமாகவோ தரப்படவில்லை என்று அதன் முகப்பிலேயே குறிப்பு உண்டு. சூடான பானம் என்பது தேநீரும் காப்பியும் என விளக்கப்பட்டது. 1921-இல் அந்நெறியைக் காப்பவரே ஆலயத்துக்குள் நுழையலாம் என்றாயிற்று. அறிவுரை கட்டளையாயிற்று. பின்பு, தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபின் கோலா பானத்திலும் உள்ளதே என்று எண்ணிய பக்தியுள்ளவர்கள், குளிர்ந்த கோலாவையும் விலக்கத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகக் கடைகளில் அது விற்கப்படவில்லை. கோலாவைக் குடிப்பவன் நல்ல உறுப்பினன்தானா என்னும் ஐயம் வீடுகளில் உலவிற்று. 2012-இல் திருச்சபையின் தலைமையகமே, காஃபினைத் தாங்கள் தடை செய்யவில்லை என்று விளக்கம் தந்தது. 2017 செப்டம்பரில் பல்கலைக்கழகத்தில் காஃபின் கலந்த கோலா விற்பனைக்கு வந்தது. தலைமுறைகளாக மனச்சான்றை உறுத்திக்கொண்டிருந்த ஒன்று, ஒரு பிற்பகலில் சிற்றுண்டிக் கடையின் அடுக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது!

இதுவரை சொன்னவற்றில் நகைப்பதற்கு இடம் உண்டு. அடுத்துச் சொல்லப்போவதில் அது இல்லை. 2000-ஆம் ஆண்டில் தலைவர் கோர்டன் ஹிங்க்லி, பச்சை குத்திக்கொள்வதைக் கண்டித்து, பெண்கள் ஓர் இணைக் காதணி அணிவதற்குத் தடையில்லை, அதற்குமேல் வேண்டா என்று இளைஞர்க்கு அறிவுரை கூறினார். 2005-இல் டேவிட் பெட்னார் என்னும் அவர்களுடைய திருத்தூதர் அப்பல்கலைக்கழகத்தில் ஓர் இளைஞனைப் பற்றிச் சொன்னார். அவன் ஒரு பெண்ணை மணக்கும் எண்ணத்தோடு பழகிவந்தான். தலைவரின் அறிவுரைக்குப் பிறகும் அவள் இரண்டாவது இணைக் காதணியைக் கழற்றவில்லை. அவன் பொறுத்துப் பார்த்தான். பின்பு அவளைவிட்டு விலகினான். காதணி பெரிதன்று, இறைவாக்கினர் சொல்லுக்கு விரைந்து செவிசாய்க்கும் உள்ளமே பெரிது என்பது அவ்வுரையின் கருத்து. அவ்விளைஞனை அவர் எடுத்துக்காட்டாகவே வைத்தார்.

உரையாளரின் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் பக்கத்தில் சற்று நின்று பார்க்கத் தோன்றுகிறது. அவள் செபித்தாளா, ஏழைக்கு இரங்கினாளா, தாயைப் பேணினாளா என்பதொன்றும் அவ்வுரையில் நமக்குச் சொல்லப்படவில்லை. காதில் தொங்கிய ஒரு கிராம் உலோகம் அவளுடைய ஆன்மாவின் அளவுகோலாயிற்று. 1965 முதல் இளைஞர்க்கென வெளியிடப்பட்டு வரும் அச்சபையின் கையேடு 2022-இல் திருத்தி எழுதப்பட்டபோது, விதிகளை எண்ணி அடுக்குவதை விடுத்துக் கொள்கைகளைச் சொல்லித் தீர்மானத்தை இளைஞரின் மனச்சான்றுக்கே விட்டது. எத்தனை காதணி என்னும் கணக்கு அதில் இல்லை. நல்ல மாற்றம்தான். அக்கணக்கினால் முறிந்த உறவுகளுக்கு அதனால் பயன் என்ன?

சறுக்கல் சிந்தனையின் உண்மையான இடர் இங்கேதான் இருப்பதாக நாம் கருதுகிறோம். சரிவே இல்லாத இடத்தில் அது ஒரு சரிவை உண்டாக்கிவிடுகிறது. தாடியும் தெய்வ நம்பிக்கையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்று பதினெட்டு வயது மகனுக்குக் கற்பித்துவிட்டால், ஒருநாள் அவன் தாடி வைக்கும்போது, தான் நம்பிக்கையையும் விட்டுவிட்டதாக அவனே எண்ணிக்கொள்கிறான். ஊரும் அப்படியே எண்ணுகிறது. பங்கு மக்கள் அவனிடம் பேசும் குரல் மாறுகிறது. ஆலயத்தின் கடைசி இருக்கைக்கு நகர்கிறான், பின்பு வாயிலுக்கு, பின்பு காணோம். அப்போது பெரியவர்கள், பார்த்தீர்களா, தாடியில்தான் தொடங்கிற்று என்கிறார்கள். அவர்கள் சொன்னபடியே நடந்ததனால் அவர்கள் சொன்னது மெய்யென்றாகிவிடுகிறது.

மறுபுறத்திலும் அதே கயிறு இழுக்கிறது. காஃபினும் கட்டளை, காதணியும் கட்டளை, களவு செய்யாமையும் கட்டளை என எல்லாவற்றையும் ஒரே குரலில் கேட்டு வளர்ந்தவன், முதலிரண்டும் ஒருநாள் ஓசையின்றி மறைந்ததைக் கண்டால் மூன்றாவதைப் பற்றி என்ன நினைப்பான்? எது நிலையானது, எது காலத்துக்கானது என்று 1971-இல் ஓக்ஸ் பிரித்துச் சொன்னதைப் போல் எல்லாப் பெரியவர்களும் சொல்லியிருந்தால், அவனுக்கு இந்தக் குழப்பம் வந்திராது. வேலியை வேலி என்றும் வயலை வயல் என்றும் அவன் அறிந்திருப்பான்.

2014 செப்டம்பரில் புரோவோ நகரில் மாணவர் சிலர் தாடிக்காக மிதிவண்டி ஊர்வலம் ஒன்று நடத்தினர். காகிதத்தில் வெட்டிய தாடிகளை ஒட்டிக்கொண்டு வந்தவரும் உண்டு. அது கலகமன்று, கண்ணாடியும் கட்டை மீசையுமாகச் சிரித்துக்கொண்டே வந்த பிள்ளைகள். விதி மாறவில்லை. 2023-இல் அத்திருச்சபையின் கல்வி நிலையங்கள் அனைத்துக்கும் பொதுவாகத் தோற்ற விதிகள் மீண்டும் எழுதப்பட்டபோது, பல சொற்கள் நெகிழ்ந்தன. ஆடவர் முகம் மழித்திருக்க வேண்டும் என்னும் வரி மட்டும் அப்படியே நின்றது.

ரசல் நெல்சன் 2025 செப்டம்பரில் மறைந்தார். அடுத்த மாதம் அவருக்குப் பின் திருச்சபையின் பதினெட்டாம் தலைவராகப் பொறுப்பேற்றவர், 93 வயது நிறைந்த டாலின் ஓக்ஸ். திருச்சபையின் தலைவராயிருப்பவரே அப்பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுவுக்கும் தலைவர்.